பிளாஸ்மிடைப் படிக்க எந்த சீக்வென்சிங்கில் காசு போடுவது?

கார்பபெனெம் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிளெப்சியெல்லா பாக்டீரியா இருபது சேர்ந்துவிட்டது, எதிர்ப்பு ஜீன் பிளாஸ்மிடில்தான் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும், பாக்டீரியா விட்டு பாக்டீரியா தாவக்கூடிய வட்ட டிஎன்ஏ) உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகம், டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்பக் கொஞ்சம் பணமும் இருக்கிறது. குட்டிக் குட்டித் துண்டாகப் படிக்கும் (ஷார்ட் ரீட்) இல்லுமினாவா, நீளமாகப் படிக்கும் (லாங் ரீட்) நானோபோரா, பேக்பயோவா, இல்லை இரண்டைச் சேர்த்தா? மருத்துவமனை மைக்ரோபயாலஜி லேப்களிலும் ஆராய்ச்சி மாணவர்களிடமும் அடிக்கடி வரும் கேள்வி இது. பெரும்பாலும் கிடைக்கிற பதில், "இல்லுமினாவே போதும், விலை குறைவு." நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கேள்வி பாக்டீரியாவைப் பற்றியது என்றால் இல்லுமினா போதும். கேள்வி பிளாஸ்மிடைப் பற்றியது என்றால் ஷார்ட் ரீடை மட்டும் நம்பி இருபது ஐசோலேட்டை (ஒரு மாதிரியிலிருந்து தனியாகப் பிரித்து வளர்த்த பாக்டீரியா) அனுப்புவதைவிட, எட்டே எட்டை எடுத்து ஒவ்வொரு பிளாஸ்மிடும் வட்டமாக மூடும் வரை படிப்பது எவ்வளவோ மேல்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு அமெரிக்காவில் பெதஸ்டாவில் இருக்கும் என்ஐஎச் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனையான கிளினிக்கல் சென்டரில் நடந்ததைப் பார்க்கலாம். 2011ல் அங்கே கேபிசி என்ற கார்பபெனெம் எதிர்ப்பு ஜீன் தாங்கிய கிளெப்சியெல்லா 18 நோயாளிகளிடம் பரவியது. 11 பேர் இறந்தார்கள், அதில் 6 மரணங்களுக்கு இந்தத் தொற்றே காரணம் என்று முடிவு செய்தார்கள். யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்பதை பாக்டீரியாவின் முழு ஜீனோமை ஒப்பிட்டு 2012ல் வெளியிட்டார்கள். பெரிய வேலைதான், ஆனால் அது பாக்டீரியா நகர்ந்த பாதை. பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவை விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் அந்தப் பாதையில் அது தெரியாது. அதற்காக அதே இடத்தில் நோயாளிகளிடமிருந்தும் மருத்துவமனைச் சூழலிலிருந்தும் எடுத்த ஐசோலேட்களை பேக்பயோ லாங் ரீடில் படித்து, பிளாஸ்மிட்களை முனையோடு முனை மூடி, 2014ல் இன்னொரு ஆய்வு வந்தது. அதில் ஒரு நோயாளி. அவரிடம் ஒரே சமயத்தில் கிளெப்சியெல்லாவும் என்டரோபேக்டர் என்ற வேறொரு பாக்டீரியாவும், இரண்டிலும் கார்பபெனெம் எதிர்ப்பு. யாராக இருந்தாலும் "உடம்புக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிட்டது" என்றுதான் எழுதியிருப்பார்கள். வட்டத்தை மூடிப் பார்த்தால் இரண்டிலும் இருந்தது வேறு வேறு பிளாஸ்மிட்! அந்த நோயாளிக்குள் தாவல் நடந்திருக்க வாய்ப்பில்லை. மறுபக்கம், மருத்துவமனைச் சூழலில் இருந்த கிளெப்சியெல்லா, என்டரோபேக்டர், சிட்ரோபேக்டர் ஆகியவற்றுக்கு இடையே பிளாஸ்மிட் கைமாறியதற்குச் சான்று கிடைத்தது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு எங்கே போய்த் தேடவேண்டும் என்பதையே இது மாற்றிவிடும். ஜீன் பெயரை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் "கேபிசி பாசிட்டிவ்" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

சரி, ஷார்ட் ரீடுக்கு இதில் என்ன பிரச்சினை? இல்லுமினா ஒரு டிஎன்ஏ துண்டின் இரு முனையிலும் பொதுவாக 150 எழுத்துகளைப் படிக்கும், துண்டின் மொத்த நீளம் வழக்கமாக 300 முதல் 500 வரை. எதிர்ப்பு பிளாஸ்மிட்களில் நிறைந்து கிடக்கும் ஐஎஸ்26 என்ற தாவும் துண்டு 820 எழுத்து. அதன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை எட்டிப் பார்க்கும் ரீட் ஒன்றுகூடக் கிடைக்காது. ஒரு சிக்குக்கோலத்தை விரலகலத் துண்டுகளாக நறுக்கிக் கலைத்துப் போட்டுவிட்டு, கோடு எந்தப் புள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்பது மாதிரிதான், வளைவு எல்லாம் ஒரே வளைவாக இருக்கும். ரீட்களை ஒட்டி ஜீனோமாகக் கட்டும் அசெம்பிளி முடிந்து பேண்டேஜ் மென்பொருளில் வரைபடத்தைத் திறந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: குரோமோசோம் துண்டுகள் 60 மடங்கு டெப்தில் (ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக அத்தனை முறை படிக்கப்பட்டது) இருக்கும்போது, நடுவில் ஒரு குட்டிக் கணு மட்டும் 480 மடங்கில் நிற்கும், அதிலிருந்து நாலாபக்கமும் கோடுகள் பிரியும். ஜீனோமில் எட்டு இடத்தில் இருக்கும் ஐஎஸ்26 எல்லாம் அந்த ஒரே கணுவாகச் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். நாம் தேடும், கார்பபெனெம் எதிர்ப்பைத் தரும் என்டிஎம் ஜீன் 813 எழுத்து, அதற்கு முன்னால் ஐஎஸ்ஏபிஏ125 என்ற தாவும் துண்டின் மிச்சம், பின்னால் பிளியோமைசின் எதிர்ப்பு ஜீன், அப்புறம் சில ஆயிரம் எழுத்து, அதோடு கான்டிக் (ரீட்களை ஒட்டிக் கிடைத்த தொடர் துண்டு) இரண்டு பக்கமும் அறுந்து நிற்கும். அது எந்தப் பிளாஸ்மிடில் இருக்கிறது, பிளாஸ்மிடில்தான் இருக்கிறதா என்பதற்குப் பதில் அங்கே கிடைக்காது.

இந்த இடத்தில்தான் பல ஆய்வறிக்கைகள் சறுக்குகின்றன. பிளாஸ்மிட்ஃபைண்டர் மென்பொருளில் போடுகிறார்கள், அது இன்க்எஃப்2, இன்க்எக்ஸ்3, கோல்கேபி3 என்று பிளாஸ்மிட் வகைகளின் ஒரு பட்டியல் தருகிறது, இன்னொரு மென்பொருள் என்டிஎம்-5 இருக்கிறது என்கிறது, உடனே "என்டிஎம்-5 இன்க்எக்ஸ்3 பிளாஸ்மிடில் உள்ளது" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே செல்லில் இருக்கிறது என்பது மட்டும்தான் அந்தத் தரவு சொல்வது. ஒரே வட்டத்தில் இருக்கிறது என்று அது சொல்லவே இல்லை. ஷார்ட் ரீடிலிருந்தே பிளாஸ்மிடைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். 2017ல் அவற்றை அருகருகே வைத்துச் சோதித்தார்கள். 50 கிலோபேஸுக்கு (50 ஆயிரம் எழுத்துக்கு) மேற்பட்ட, திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் கொண்ட பிளாஸ்மிட்களை நம்பகமாகக் கட்ட அவை திணறின. கார்பபெனெம் எதிர்ப்பைத் தூக்கிக்கொண்டு திரியும் பிளாஸ்மிட்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

இதற்காக இல்லுமினாவை ஒதுக்கச் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான ஐசோலேட் இருக்கிறது, எந்த வகை, எந்த எதிர்ப்பு ஜீன்கள், யாருக்கும் யாருக்கும் நெருக்கம் என்று ஒரு பொதுப்படம் வேண்டும் என்றால் இன்றும் அதுதான் நிதானமான தேர்வு. எழுத்துப் பிழை மிகக் குறைவு, எந்தச் சேவை நிறுவனமும் செய்து தரும், அலசும் வழிமுறைகளும் பழகியவை.

என் முதல் தேர்வு நானோபோர். 2014ல் மினயான் கருவி முதலில் ஆய்வாளர்கள் கைக்கு வந்தபோது பிழை விகிதம் பயமுறுத்தும் அளவுக்கு இருந்தது. ஆனாலும் அடுத்த வருடமே, 2015ல், டைபாய்டு பாக்டீரியாவின் எதிர்ப்பு ஜீன்கள் கூட்டமாக எந்த இடத்தில் எப்படிச் செருகியிருக்கின்றன என்பதை அதை வைத்துக் காட்டினார்கள். பல ஆயிரம் எழுத்து நீளமுள்ள ரீட் கிடைத்தால் 820 எழுத்துத் தடையைத் தாண்டுவது சிரமமே இல்லை. இப்போது வரும் ஆர்10.4.1 ஃப்ளோ செல்லில் (டிஎன்ஏ நுழைந்து செல்லும் நுண்துளைகள் கொண்ட சில்லு), துல்லியமான பேஸ்காலிங் (மின் சமிக்ஞையை எழுத்தாக மாற்றும் மென்பொருள்) மாதிரியில் ஓட்டினால், ரீட் துல்லியம் 99 சதவீதத்துக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிளெப்சியெல்லா ஜீனோம் பிளாஸ்மிடோடு சேர்த்து சுமார் 55 லட்சம் எழுத்து, 60 மடங்கு டெப்த் வேண்டும் என்றால் ஓர் ஐசோலேட்டுக்கு 33 கோடி எழுத்து, 24 ஐசோலேட்டை பார்கோட் (எது எந்த ஐசோலேட் என்று காட்டும் குறி) போட்டு ஒன்றாக ஓட்டினால் சுமார் 800 கோடி எழுத்து, அதாவது 8 கிகாபேஸ். நல்ல நிலையில் இருக்கும் ஒரு ஃப்ளோ செல்லுக்கு இது எட்டக்கூடிய அளவு. ஆனால் ஃப்ளோ செல் வந்து சேர்ந்ததும் உயிரோடு எத்தனை துளை இருக்கிறது என்று உடனே சோதிக்க வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடக் கூடாது, துல்லியமான பேஸ்காலிங்குக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். கருவி விலையை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் கடைசிச் செலவை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

நானோபோரிலேயே டிஎன்ஏவைப் படிக்கத் தயார்செய்ய எந்தக் கிட் என்பது தனிக் கேள்வி. பிளாஸ்மிட் வேலையில் இது அவ்வளவு முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லிகேஷன் கிட், டிஎன்ஏவின் திறந்த முனையில் அடாப்டரை (டிஎன்ஏ துளைக்குள் நுழைய உதவும் சிறு துண்டு) ஒட்டும். பெரிய டிஎன்ஏ, பிரித்தெடுக்கும்போதே அங்கங்கே உடைந்துவிடும், அதனால் முனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 5, 6 கிலோபேஸ் குட்டி பிளாஸ்மிட் உடையாமல் வட்டமாகவே கிடக்கும். முனையே இல்லாததில் எதை ஒட்டுவது? லைப்ரரியில், அதாவது படிக்கத் தயாரான டிஎன்ஏ கலவையில், அது சேராது, அல்லது ஏனோதானோ என்று சேரும். ரேபிட் கிட்டில் இருக்கும் என்சைம் வட்டத்தையே வெட்டி, வெட்டிய இடத்தில் அடாப்டரை மாட்டிவிடும், அதனால் குட்டி பிளாஸ்மிடும் உள்ளே வரும். இதை 2021ல் ஒரே பாக்டீரியாக்களை இரண்டு கிட்டிலும் ஓட்டி ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். "குட்டி பிளாஸ்மிட்தானே, போனால் போகட்டும்" என்று இந்தியாவில் இருக்கும் நாம் சொல்ல முடியாது. இங்கே கிளெப்சியெல்லாவில் அடிக்கடி கண்ணில் படும் ஆக்ஸா-232 என்ற கார்பபெனெமேஸ் (கார்பபெனெமைச் சிதைக்கும் என்சைம்) ஜீன் இருப்பதே சுமார் 6 கிலோபேஸ் நீளமுள்ள கோல்கேபி3 வகைப் பிளாஸ்மிடில். லிகேஷன் கிட்டில் ஓட்டி, அது விட்டுப்போய், "கார்பபெனெமேஸ் எதுவும் இல்லை" என்று ரிப்போர்ட் எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே பிளாஸ்மிட் வேலைக்கு ரேபிட் பார்கோடிங் கிட்தான். ரீட் நீளம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. அசெம்பிளி செய்யும்போதும் ஃப்ளை போன்ற மென்பொருள் குட்டி வட்டத்தை இரண்டு மூன்று முறை சுற்றி ஒன்றாக எழுதிவிடும் பழக்கம் உண்டு. 6 கிலோபேஸ் பிளாஸ்மிட் 12 என்று வந்தால் சந்தேகப்பட்டு, பிளாசெம்ப்ளர் போன்ற, குட்டி பிளாஸ்மிடுக்கென்றே எழுதிய கருவியில் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து எழுத்துப் பிழை. என்டிஎம்-1க்கும் என்டிஎம்-5க்கும் வித்தியாசம் இரண்டே அமினோ அமிலம், 88ஆம் இடமும் 154ஆம் இடமும். அதில் 154 மட்டும் மாறியிருந்தால் அதற்குப் பெயர் என்டிஎம்-4. ஆக ஓர் எழுத்து தவறினால் ஜீனின் பெயரே மாறிப்போகும். பழைய ஃப்ளோ செல் தரவை மட்டும் வைத்து இதை உறுதியாகச் சொல்ல நான் துணிய மாட்டேன். ஆர்10.4.1ல் நல்ல டெப்த் இருந்தால் சொல்லலாம். இருந்தாலும் டிஎன்ஏவில் மெத்தில் ஒட்டியிருக்கும் சில இடங்களிலும், ஒரே எழுத்து வரிசையாகத் திரும்பும் இடங்களிலும் பிழை மிச்சமிருக்கும்.

அதற்குத்தான் இரண்டையும் சேர்க்கும் ஹைப்ரிட் முறை. முதலில் லாங் ரீடை வைத்து வட்டத்தை மூடிவிட்டு, பிறகு ஷார்ட் ரீடால் எழுத்துகளைத் திருத்துவது. முன்பு யூனிசைக்ளர் மென்பொருளில் தலைகீழாகச் செய்தோம், ஷார்ட் ரீடில் கட்டிய வரைபடத்தை லாங் ரீடால் இணைப்பது. லாங் ரீட் குறைவாக இருக்கும்போது அது இன்றும் உதவும், டெப்த் போதுமான அளவு இருந்தால் லாங் ரீட் முதலில் என்ற வழியே நல்லது. ஒரு நிபந்தனை உண்டு, இதில் சமரசமே கூடாது: இரண்டு சீக்வென்சிங்குக்கும் ஒரே குழாயிலிருந்து எடுத்த டிஎன்ஏ போகவேண்டும். மார்ச்சில் ஒரு முறை வளர்த்து இல்லுமினாவுக்கு, ஆகஸ்டில் இன்னொரு முறை வளர்த்து நானோபோருக்கு என்று அனுப்பினால், இடையில் பிளாஸ்மிட் ஒன்று காணாமல் போயிருக்கலாம், ஐஎஸ்26 இடம் மாறியிருக்கலாம். இரண்டு தரவும் ஒத்துப்போகாமல் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். செலவு இரட்டிப்பு என்பதால் எல்லா ஐசோலேட்டுக்கும் ஹைப்ரிட் தேவையில்லை. கட்டுரையில் முழு வரிசையாக வெளியிடப் போகிற, ஒப்பிட மேற்கோள் வரிசையாக வைக்கப் போகிற இரண்டு மூன்றுக்குச் செய்தால் போதும்.

பேக்பயோ ஹைஃபை, தரத்தில் எல்லாவற்றையும்விட மேலே. பத்து, பதினைந்து ஆயிரம் எழுத்து நீள ரீட், 99.9 சதவீதத் துல்லியம், ஷார்ட் ரீட் துணையே வேண்டாம். ஆனால் கருவியைச் சொந்தமாக வாங்குவது நம் அளவிலான லேப்புக்கு நினைத்துப் பார்க்க முடியாத செலவு, வெளியே அனுப்பினால் நிறைய மாதிரிகளைச் சேர்த்து ஓட்டும்போதுதான் கட்டுப்படியாகும், அதற்காகக் காத்திருக்கவும் வேண்டும். லைப்ரரி தயாரிக்கும்போது சின்னத் துண்டுகளைக் கழித்துவிடுகிறார்கள் என்றால் ஆக்ஸா-232 இங்கேயும் தப்பிவிடும். வார்டில் தொற்று பரவிக்கொண்டிருக்கும்போது இது சரிப்படாது. நிதியுள்ள ஒரு பெரிய கூட்டு ஆய்வு, நூறு ஐசோலேட், அவசரம் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

முழு பிளாஸ்மிடையும் மலிவாகப் படித்துத் தருகிறோம் என்று சில நிறுவனங்கள் விளம்பரம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது லேப்பில் ஜீனைச் செருகி நகலெடுக்கப் பயன்படும் குளோனிங் பிளாஸ்மிடுக்கானது. செல்லுக்கு நூற்றுக்கணக்கில் நகல் இருக்கும், சுத்தமாகப் பிரித்தெடுக்க வரும். நோயாளியிடமிருந்து வந்த ஐசோலேட்டில் 100 கிலோபேஸ் பிளாஸ்மிட் செல்லுக்கு ஒன்றோ இரண்டோ நகல்தான், கூடவே இன்னும் மூன்று நான்கு பிளாஸ்மிட் இருக்கும். மினிபிரெப் (பிளாஸ்மிடைத் தனியாகப் பிரித்தெடுக்கும் எளிய முறை) செய்து அனுப்பினால் குரோமோசோம் குப்பைதான் அதிகம் போகும். முழு ஜீனோமையே ஓட்டிவிடுங்கள்.

பழைய லேப் முறைகளை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் மற்றவர்களும் 2010ல் வெளியிட்ட, உலகத்தையே உலுக்கிய என்டிஎம்-1 ஆய்வில் சென்னை ஐசோலேட்கள் மட்டும் 44. அதில் பிளாஸ்மிடைப் பார்த்தது எஸ்1 நியூக்ளியேஸ் என்சைமால் வட்டத்தை நீட்டி ஜெல்லில் ஓட்டியும் பிசிஆர் வைத்தும்தான். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கான எதிர்ப்பு ஜீனான எம்சிஆர்-1 2015ல் சீனாவில் வெளிச்சத்துக்கு வந்ததும் இப்படித்தான். பன்றியிலிருந்து எடுத்த ஈ. கோலையின் கொலிஸ்டின் எதிர்ப்பு இன்னொரு ஈ. கோலைக்குக் கடத்தப்படுகிறது என்பதை முதலில் கண்டார்கள், பிறகுதான் அந்த 64 கிலோபேஸ் பிளாஸ்மிடைப் படித்தார்கள். நான்கு வருடம் கழித்து, 2019ல், இந்தியா கொலிஸ்டினைக் கோழி, கால்நடை வளர்ப்பில் தடை செய்தது. சீக்வென்சிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடத்தும் ஜீன்கள் இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். உண்மையில் கடத்துகிறதா, எந்த வேகத்தில் என்பதற்கு சோடியம் அசைடைத் தாங்கும் ஜே53 ஈ. கோலையோடு ஃபில்டரில் சேர்த்து வளர்த்துப் பார்க்கும் கான்ஜுகேஷன் சோதனைதான் பதில். அப்படிக் கிடைத்த டிரான்ஸ்கான்ஜுகன்டை, அதாவது பிளாஸ்மிடை வாங்கிக்கொண்ட ஜே53ஐப் படித்தால் இன்னொரு லாபம், ஜே53இன் பின்புலம் நமக்கு முன்பே தெரியும், புதிதாக வந்தது எதுவோ அதுதான் பிளாஸ்மிட். எல்லாப் பிளாஸ்மிடும் இதற்கு ஒத்துழைக்காது, ஆனால் முயற்சிக்கு ஆகும் செலவு அசைடும் பிளேட்டும்தான்.

சாக்கடை நீர், கழிவுநீர் ஆகியவற்றை நேரடியாகப் படிப்பது வேறு உலகம். அங்கே ஜீன் எந்தப் பிளாஸ்மிடில், அந்தப் பிளாஸ்மிட் எந்தப் பாக்டீரியாவில் என்ற இரண்டாவது முடிச்சும் சேர்ந்துகொள்ளும். ஒரே செல்லுக்குள் இருந்த டிஎன்ஏக்களைப் பிணைத்துப் படிக்கும் ஹை-சி முறை அதற்கு இருக்கிறது. முதல் ஆய்வாக இதைத் தொடாதீர்கள்.

ஆக நான் என்ன செய்வேன்? வார்டில் பரவுகிறது, 20 ஐசோலேட் இருக்கிறது என்றால், நோயாளி, தேதி, பாக்டீரியா இனம் மூன்றையும் வைத்து எட்டைப் பொறுக்குவேன், ஒரே நோயாளியிடம் இரண்டு இனம் கிடைத்திருந்தால் இரண்டும் கட்டாயம் உண்டு, சின்க்கிலிருந்து எடுத்தது இருந்தால் அதுவும். எட்டையும் ரேபிட் கிட்டில் ஒரே ஃப்ளோ செல்லில். மூடிய பிளாஸ்மிட் கையில் கிடைத்ததும், அதற்கே உரிய சந்திப்பு இடங்களில், அதாவது தாவும் துண்டு பிளாஸ்மிடின் உடலோடு சேரும் இடத்தில், பிரைமர் போட்டு மீதிப் பன்னிரண்டையும் சாதாரண பிசிஆரில் பார்த்துவிடலாம். மீதிக்கு இல்லுமினா தரவு ஏற்கெனவே இருந்தால் அதை மூடிய பிளாஸ்மிட் மேல் பொருத்திப் பார்க்கலாம்தான், ஆனால் ரீட்கள் அதன் நீளத்தில் 95 சதவீதத்தில் பொருந்துகின்றன என்பதால் அதே பிளாஸ்மிட் என்று எழுதிவிடாதீர்கள், அதே ஜீன்கள் இரண்டு வட்டமாகப் பிரிந்து கிடந்தாலும் அதே 95 சதவீதம்தான் வரும். நூற்றுக்கணக்கில் கண்காணிப்பு என்றால் எல்லாவற்றுக்கும் இல்லுமினா, அதில் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒன்றிரண்டுக்கு நானோபோர். ஒரே பிளாஸ்மிடை ஆழமாகப் படிக்கும் பிஎச்டி என்றால் ஹைப்ரிட், கூடவே கான்ஜுகேஷன்.

எதைத் தேர்ந்தாலும் டிஎன்ஏ நன்றாக இல்லையென்றால் பணம் வீண். நோயாளியிடமிருந்து வந்த முதல் வளர்ப்பையே கிளிசராலில் போட்டு மைனஸ் 80ல் வையுங்கள், திரும்ப வளர்க்கும்போது மீடியத்தில் அந்த மருந்தைச் சேருங்கள், மருந்தின் நெருக்கடி இல்லாவிட்டால் சில பிளாஸ்மிட்கள் கழன்றுவிடும். லாங் ரீடுக்கான டிஎன்ஏவை வோர்டெக்ஸ் செய்யாதீர்கள், அகல வாய் டிப்பில் மெதுவாக இழுங்கள். வெளியே கொடுப்பதாக இருந்தால் கொட்டேஷனில் விலைக்கு முன் இதைக் கேளுங்கள்: ரேபிட் கிட்டா லிகேஷனா, எந்த ஃப்ளோ செல், எந்த பேஸ்காலிங் மாதிரி, சின்னத் துண்டுகளைக் கழிப்பீர்களா, ஐசோலேட்டுக்கு எத்தனை மடங்கு டெப்த் உறுதி, மூல ரீட்களை முழுதாகத் தருவீர்களா. அசெம்பிளி செய்த கோப்பை மட்டும் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம், வட்டம் மூடிய இடத்தைத் தாண்டிப் போகும் ரீட் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க அந்த மூல ரீட்தான் வேண்டும்.